விஜய்பாண்டியின் தோரணை

எங்கள் வீட்டு அமைதியை மூட்டை கட்டிக் கம்பம் சந்தைக்கு அனுப்பினால், அன்றைக்கு வாழைத்தார் லாரிக்கு நிற்க இடமிருக்காது. அவ்வளவு விளைச்சல். என் மனைவி மொக்கம்மாள் போய்ச் சேர்ந்ததிலிருந்து வருஷம் முழுக்க அறுவடைதான். பல்லி சுவரில் நடந்தால் எனக்குக் காலடிச் சத்தம் கேட்கும். அடுப்படி எறும்புகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக்கூட ஓரளவு புரிந்துகொள்கிற நிலைக்கு வந்துவிட்டேன். பெரும்பாலும் சர்க்கரை டப்பா மூடியைப் பற்றித்தான் பேசுகின்றன.

என் பெயர் சுயம்புலிங்கம். ஊர் காமயகவுண்டன்பட்டி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கம்பத்துக்கும் தேனிக்கும் நடுவில் நான் போய்வந்த தூரத்தை நீட்டிப் போட்டால் நிலாவைத் தொட்டு, அங்கே ஒரு டீ குடித்துவிட்டு, திரும்பி லோயர் கேம்ப் வரை வந்துவிடலாம். இதைச் சொன்னால் ஊரில் ஒருத்தரும் நம்புவதில்லை. "கண்டக்டர் சொன்னதுல பாதியைக் கழிங்க. மிச்சப் பாதியை வேற யார்ட்டயாவது கேளுங்க" என்று டீக்கடை பெனடிக்ட் வெளியூர்க்காரர்களிடம் வெளிப்படையாகவே சொல்வான்.

கழிக்காமல் கேட்கிறவன் ஒருவன் இருந்தான். விஜய்பாண்டி.

என் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் இருக்கிற திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவன். வயசு முப்பதைத் தாண்டிவிட்டது. தாய் தகப்பன் இல்லை. ஆள் ஆறடி உயரம். பந்தலோ அவன் காது உயரம். விடிந்தால் அதற்கு அடியில் நுழைகிறவன் பொழுது சாயும்போதுதான் வெளியே வருவான். வந்த பிறகும் பந்தல் அவனை விடாது. வெட்டவெளியில், தலைக்கு மேல் ஆகாயத்தைத் தவிர ஒன்றும் இல்லாத இடத்திலும், கழுத்தை முன்னால் நீட்டி, முழங்காலை லேசாக மடக்கி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் நிற்பான். எதிரில் இருப்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் புருவத்தை மட்டும் மேலே தூக்குவான். தெரிந்தவர்களுக்கு அது பாண்டி. தெரியாதவர்களுக்கு அது கள்ளப் பார்வை.

சாயந்தரம் மருந்து அடித்து முடித்ததும் என் வீட்டுக் குழாயில் கைகால் கழுவிவிட்டு, பின்கதவு வழியாக வந்து, அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்காருவான். நான் பேசுவேன். அவன் "ம்" என்பான். கூடலூர் பக்கம் ரோட்டை மறித்த யானைக்கு நான் டிக்கெட் போட்ட கதையை முதல் தடவை சொன்னபோது, அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "முழு டிக்கெட்டா, அரை டிக்கெட்டா மாமா?" என்று கேட்டான். கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அப்படிப்பட்ட ஒரு செவிக்கு உலகத்தில் என்ன விலை கொடுத்தாலும் தகும். ராத்திரிச் சோற்றைச் சேர்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். மற்ற நேரமெல்லாம் நான் சாயந்தரத்துக்காக பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பயணி.

அவனுக்குப் பெண் அமையவில்லை. தோட்டக்காரனுக்குப் பெண் கொடுக்க இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் தயாரில்லை. பெனடிக்ட் கடையில் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் வாயால் வருத்தப்படுவேன். வயிற்றால் சந்தோஷப்படுவேன்.

அப்படிச் சந்தோஷமாக இருந்த ஒரு காலையில் பெனடிக்ட் எனக்கு போன் போட்டான். பத்து வீடு தள்ளியிருக்கிற கடைக்காரன் போன் போடுகிறான் என்றால் விஷயம் பெரிசு.

"கண்டக்டரே, வீட்லதான இருக்கீக? நம்ம பாண்டியை விசாரிக்க ஓடைப்பட்டியிலருந்து ஆள் வந்திருக்காக. பொண்ணோட சித்தியாம். சொந்தத் தோட்டமாம். பொண்ணு பேரு ஓவியா."

"அட, நல்ல சங்கதிதானப்பா."

"பொண்ணோட அப்பாவுக்கு முழங்கால் போயிருச்சாம். அதனால வீட்டோட மாப்பிள்ளையா வேணுங்குறாக. நம்ம பயலுக்கு யோகந்தான். அங்கன வந்துக்கிட்டிருக்காக. ஒழுங்காப் பேசுங்க. யானைக் கதையெல்லாம் எடுத்து விட்டுறாதீக."

வீட்டோட மாப்பிள்ளை. போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். ஓடைப்பட்டிக்குச் சின்னமனூரில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். அந்த இரண்டாவது பஸ் வருவதற்குள் பிறந்த பிள்ளைக்கு மீசை முளைத்துவிடும். ஆஸ்திரேலியாவிலிருந்து ஆள் சுலபமாக வந்துவிடலாம், ஓடைப்பட்டியிலிருந்து ஒருவன் தினம் சாயந்தரம் என் அடுப்படிக்கு வர முடியாது.

இங்கே விசாரிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜாதகம் பொருந்தினாலும், போட்டோ பிடித்தாலும், எங்கள் பக்கம் விசாரிக்காமல் பெண் கொடுக்க மாட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காலையில் வந்து இறங்குவார்கள். டீக்கடையில் கேட்பார்கள், சலூனில் கேட்பார்கள், கடைசியில் பக்கத்து வீட்டில் கேட்பார்கள். பதில் சொல்வதற்கு ஒரு பக்குவம் உண்டு. நிறைய நல்லது சொல்லி, நடுவில் ஒரு சிட்டிகை குறை போட வேண்டும். "நல்ல பையன், கோவம் கொஞ்சம் சட்டுன்னு வரும், வேற ஒண்ணுமில்ல" என்றால் கல்யாணம் முடிந்த மாதிரி. குறையே இல்லாமல் புகழ்ந்தால், எதையோ மூடி மறைக்கிறார்கள் என்று அர்த்தம். அதிலும் "தங்கமான பையன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும். வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்கள். தங்கமான பையன் என்றால் குடி, இல்லாவிட்டால் இன்னொரு குடும்பம், இரண்டும் இல்லாவிட்டால் ராத்திரியில் வலிப்பு.

நான் என்ன நினைத்தேன் என்று உங்களுக்கே புரிந்திருக்கும். ஒரு பொல்லாங்கு சொல்ல வேண்டியதில்லை. பாவம் இல்லை, பழி இல்லை. புகழ்ந்தால் போதும். அந்த வேலைக்கு இந்த மாவட்டத்தில் என்னைவிடத் தகுதியானவன் எவனும் இல்லை. எழுந்து முகத்தைக் கழுவி, திருநீறு பூசி, சட்டையை மாற்றிக்கொண்டேன்.

வந்த அம்மாளுக்கு ஐம்பது வயசு இருக்கும். கையில் துணிப்பை, கக்கத்தில் குடை. வாசலிலேயே நின்று வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். செக்கிங் இன்ஸ்பெக்டர் பஸ்ஸுக்குள் ஏறினதும் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"கண்டக்டரண்ணே வீடு இதுதானே? எம் பேரு நாகஜோதி. ஓடைப்பட்டி."

"வாங்க தாயி, உள்ள வாங்க. ஒக்காருங்க."

உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். நேராக விஷயத்துக்கு வந்தார்.

"டீக்கடையில நல்ல விதமாத்தான் சொன்னாக. பேச்சு கம்மி, கொஞ்சம் கூச்சம், வேற ஒண்ணுமில்லன்னாக. ஆனா எங்க ஆளு ஒருத்தரு சின்னமனூர் மார்க்கெட்டுல பையனைப் பாத்திருக்காரு. நெஞ்சை நிமித்தி ஒரு தடவை நிக்கலையாம். தரையையே பாத்துக்கிட்டு, களவாண்டவன் மாதிரி நின்னானாம். அதுதான் எனக்கு உறுத்துது. சொல்லுங்கண்ணே, ஆளோட தோரணை எப்படி?"

தோரணை! பசியோடு இருப்பவன் முன்னால் வாழையிலையை விரித்துவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்ட மாதிரி இருந்தது எனக்கு. ஒரு மனுஷன் நிற்கிற நிற்பைப் பார்த்து அவன் உலகத்தை எப்படிப் பார்க்கிறான் என்று சொல்லிவிடுவேன். கம்பியை இரண்டே விரலால் பிடித்து நிற்கிறானா, மிடுக்கு. பஸ்ஸே தன் கல்யாணத்துக்குத்தான் போகிறது என்று நினைப்பவன். சீட் காலியாக இருந்தும் உட்காராமல் நிற்கிறானா, வீம்பு. வீட்டில் சண்டை போட்டுவிட்டு ஏறியிருக்கிறான். படிக்கட்டில் ஒற்றைக்காலில் தொங்குகிறானா, தெனாவட்டு. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. உட்கார்ந்த பிறகும் முதுகு சீட்டில் படவில்லையா, விறைப்பு. போலீஸிலிருந்து ரிட்டயர் ஆனவர். கூட்டத்தில் எல்லாருக்கும் வழிவிட்டு, கையைக் கட்டி, கண்ணைத் தாழ்த்தி, அப்பழுக்கில்லாத பணிவோடு ஒருவன் நிற்கிறானா, அவன் டிக்கெட் எடுக்கவில்லை.

இத்தனை சரக்கை வைத்துக்கொண்டு நான் ஆரம்பித்தேன்.

"தோரணையா? கம்பீரம் தாயி. ராஜ கம்பீரம். அவன் தெருவுல நடந்து வந்தா படுத்துக் கெடக்குற நாயெல்லாம் எந்திரிச்சு வரிசையா நிக்கும்."

"கம்பீரம்னா திமிரு" என்றார் நாகஜோதி, நிதானமாக.

"திமிரா? அவனுக்கா? பணிவுன்னா அப்படி ஒரு பணிவு. ஆட்டுக்குட்டி எதுக்க வந்தாக்கூட ஒதுங்கி வழி விடுவான்."

"அப்ப பயந்தாங்கொள்ளி."

"பயம் இல்ல தாயி, நிதானம். எதையும் யோசிச்சுத்தான் செய்வான்."

"சோம்பேறின்னு சொல்லுங்க."

"சோம்பேறியா! சுறுசுறுப்புல காத்து தோத்துப் போகும். அவன் மருந்து அடிச்சு முடிச்ச பெறகுதான் மருந்து வாசனையே கெளம்பும்."

"நின்னு எதையும் செய்யாத அவசரக்காரப் பய."

"அவசரமா? மணிக்கணக்கா நான் பேசுனாலும் ஒரு வார்த்தை குறுக்க பேச மாட்டான். அமைதின்னா அமைதி."

"அழுத்தக்காரன். மனசுல இருக்கறதை வெளிய விட மாட்டான்."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இந்த மாதிரி ஒரு ஆள் எனக்குக் கிடைத்து எத்தனை காலம் ஆகிவிட்டது! நான் எடுத்துக் கொடுத்த ஒவ்வொரு சொல்லையும், திராட்சைக் குலையைத் திருப்பிப் பின்பக்கம் அழுகல் இருக்கிறதா என்று பார்க்கிற வியாபாரி மாதிரி, ஒரு திருப்புத் திருப்பிக் கீழே வைத்தார். எடுப்பு என்றேன், பகட்டு என்றார். மிடுக்கு என்றேன், மெதப்பு என்றார். தன்மானம் என்றேன், வறட்டு வீம்பு என்றார். ஒரே ஆள்தான், ஒரே நிற்புத்தான். நான் நிற்கிற பக்கமிருந்து பார்த்தால் ஒரு பெயர், அந்த அம்மாள் பக்கமிருந்து பார்த்தால் வேறு பெயர்.

எல்லாம் தீர்ந்த பிறகு, கடைசியாக வைத்திருந்ததை எடுத்தேன்.

"சுருக்கமாச் சொல்லணும்னா தாயி… தங்கமான பையன்."

நாகஜோதி தம்ளரைக் கீழே வைத்தார். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வேலை முடிந்தது. எழுந்து போகப் போகிறார். பாண்டி சாயந்தரம் வருவான், எப்போதும்போல் சுவரில் சாய்வான்.

எழுந்தார்.

"இருங்க தாயி, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க" என்றது என் வாய். நான் சொல்லச் சொல்லவில்லை.

உட்கார்ந்தார். டீ போட்டேன். குடித்துவிட்டு மறுபடியும் எழுந்தார். "முறுக்கு இருக்கு" என்றேன். சாப்பிட்டு எழுந்தார். "பையன் நீச்சல்லயும் கெட்டி" என்று புதிதாக ஒன்றை அவிழ்த்தேன். முல்லைப் பெரியாற்றில் வெள்ளம் வந்தபோது அவன் எதிர்நீச்சல் போட்டு, கரண்ட் எடுக்கிற இடம் வரை போய், மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்த கதை. அந்தக் கணத்தில்தான் அது பிறந்தது. அந்த அம்மாள் போய்விட வேண்டும் என்றுதான் இத்தனையும் செய்தேன். ஆனால் போவதற்காக எழும் ஒவ்வொரு தடவையும் என் கை தானாக நீண்டு, விசிலை ஊதாமல் பஸ்ஸைப் பிடித்து நிறுத்தியது.

நாகஜோதி கதை முழுவதையும் கேட்டார். பிறகு கேட்டார்.

"அண்ணே, அந்தப் பையன் சாயந்தரமானா எங்க இருப்பான்?"

"இங்கனதான் தாயி."

"ராத்திரிச் சாப்பாடு?"

"அதுவும் இங்கனதான்."

"நல்லநாள் பெரியநாள்?"

"வேற எங்க போவான், இங்கன…"

நிறுத்திக்கொண்டேன். ஆனால் டிக்கெட்டைக் கிழித்தாகிவிட்டது.

நாகஜோதி சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. தலையை இடமும் வலமும் ஆட்டி, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"ஏண்ணே, தங்கமான பையன்னு எங்கிட்டயே சொல்றீகளே. எங்க ஓவியாவுக்கு வெளியூர்லருந்து வந்த எடத்தையெல்லாம் நான் எப்படித் தட்டிவிட்டேன்னு நெனைக்கிறீக? வளத்த பிள்ளையைப் பத்திக் கொறை சொல்ல முடியுமா? புகழ்ந்து தள்ளிட்டேன். கோவம்னா என்னன்னே தெரியாத பிள்ளைன்னேன். எங்க ஓவியா கொழம்பு வச்சா எரசக்கநாயக்கனூர் வரைக்கும் மணக்கும்னேன். ஒரு பய திரும்பி வரல."

முறுக்குத் தட்டை மறுபடியும் அவர் பக்கம் தள்ளினேன். என் வித்தையை இன்னொருவர் வாயால் கேட்பது எனக்குப் புதிது.

"எங்க அக்கா சாகும்போது பிள்ளை கைக்குழந்தை. நாந்தான் வளத்தேன். நான் கல்யாணமே கட்டிக்கிறல. அவளும் போயிட்டா அந்த வீட்டுல யாரு இருப்பா? நானும் எங்க மச்சானும், அவுக முழங்காலும்."

"அதனாலதான் வீட்டோட மாப்பிள்ளை."

"அதனாலதான்."

பின்பக்கம் தோட்டத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. பாண்டி உள்ளேதான் இருந்தான். எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும். இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"இந்தா பாருங்கண்ணே," நாகஜோதி குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டார், "புகழ்ச்சி வேண்டாம். கம்பீரமும் வேண்டாம், பணிவும் வேண்டாம். கொறை இருந்தா கொறையைச் சொல்லுங்க. இப்ப நீங்க ஒரு கொறை சொன்னா நான் அப்படியே நம்பிருவேன். அடுத்த பஸ்ஸுக்குப் போயிருவேன், இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன். அந்தப் பையன் ஏன் நிமிந்து நிக்கல? அதை மட்டும் சொல்லுங்க."

குறையா? வரிசையில் நின்றன. குடி என்றால் பெனடிக்ட் மறுத்துவிடுவான். பெண் சகவாசம் என்றால் சலூனில் சிரிப்பார்கள். ஆனால் ஒன்று கச்சிதமாக இருந்தது. கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, தேனியில் டாக்டர் பார்த்துவிட்டார், இன்னும் கொஞ்ச நாளில் பந்தல் வேலைக்கு ஆக மாட்டான். முழங்கால் போன ஒருவர் இருக்கிற வீட்டில் கழுத்துப் போன இன்னொருவரை யார் சேர்ப்பார்கள்? அவன் நிற்பே அதற்குச் சாட்சி சொல்லும். என் வாழ்நாளில் இவ்வளவு அளவாகத் தைத்த பொய் ஒன்று எனக்குக் கிடைத்ததில்லை.

"அவன் கழுத்துல…" என்று ஆரம்பித்தேன்.

நாகஜோதி முன்னால் சாய்ந்தார். "ம், கழுத்துல?"

"கழுத்துல எம் பொண்டாட்டி கையைப் போட்டிருந்தா."

அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. வந்த பிறகு நிறுத்த முடியவில்லை.

"அவளுக்கு முடியாமப் போன அன்னைக்கு, தெருவுல குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தாக. ஆம்புலன்ஸ் உள்ள வர முடியல. மெயின் ரோட்டுல நின்னுக்கிருச்சு. தோட்டத்துக்குள்ள பூந்து போனாத்தான் சீக்கிரம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அவன்தான் வந்து தூக்குனான். பந்தலுக்கு அடியிலயே தூக்கிட்டுப் போனான். மழை பேஞ்சு ஓஞ்சிருந்துச்சு. எலையெல்லாம் தண்ணி. நான் பின்னாலயே ஓடுறேன். என் தலையில கொடி இடிக்குது, மூஞ்சியில தண்ணி அடிக்குது. அவன் அப்படியே அவ மேல கவுந்து, முதுகைக் கூரை மாதிரி வச்சுக்கிட்டுப் போறான். ஒரு குலுங்கல் இல்ல. பழக்கூடை தூக்குறவுக நடக்குற நடை. ஒரு எலை அவ மேல படல தாயி. ஒரு சொட்டுத் தண்ணி விழுகல."

நாகஜோதி கையிலிருந்த பையை இறக்கித் தரையில் வைத்தார்.

"பாதி வழியில அவ என்ன சொன்னா தெரியுமா? ‘ஏலே பாண்டி, ஒங்க மாமா பஸ்ஸைவிட இது சொகமா இருக்குடா'ன்னா. கடைசியா ஒழுங்காப் பேசுனது அதுதான். அதையும் அவன்ட்டத்தான் சொன்னா. நான் பின்னால வந்துக்கிட்டிருந்தேன், எங்கிட்டச் சொல்லல."

இதில் நான் எதையும் கூட்டவில்லை. கூட்டிப் பார்க்கலாமா என்று அப்போதும் மனசு ஒரு நிமிஷம் தேடியது. எதைக் கூட்டுவது?

நாகஜோதி குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "இனிமே நிமிரவே மாட்டானா?"

"மாட்டான்."

"எங்க மச்சான் குட்டை. அவர் ஒசரத்துக்குப் போட்ட பந்தல். இங்கன இருக்கறதைவிடத் தாழ்வு."

"அப்ப இன்னுங் கொஞ்சம் குனிவான்" என்றேன்.

எழுந்தார். இந்தத் தடவை என் வாயும் கையும் சும்மா இருந்தன. வாசல்வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

"வெள்ளிக்கெழமை மச்சானைக் கூட்டிட்டுப் பேசி முடிக்க வர்றோம். பையனுக்குப் பெரியவுகன்னு நீங்கதான் ஒக்காரணும்."

"சரி தாயி."

இறங்கி இரண்டு எட்டு வைத்தவர், என்னைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கும் வீட்டுல ஒரு ஆளு வேணும்ணே."

குடையை விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். வெயில் அப்படியொன்றும் இல்லை.

சாயந்தரம் பாண்டி வந்தான். முகத்தை வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினான். பெனடிக்ட் அவனுக்கும் போன் போட்டிருக்கிறான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். கேட்க வேண்டியதைக் கேட்காமல் தரையில் விரலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தான்.

"என்னலே, கேளு."

"என்ன மாமா சொன்னீக அவுகள்ட்ட?"

"தங்கமான பையன்னு சொன்னேன்."

அவன் கோடு போடுவதை நிறுத்தினான். "அடப்பாவி மாமா!"

"வெள்ளிக்கெழமை பேசி முடிக்க வர்றாகடா."

புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தான். பொய்யா என்று பார்க்கவில்லை. அவனுக்கு அது வராது. அந்தப் பெரிய உடம்பு முழுக்க ஒரு வெட்கம் ஏறியது. காது நுனி சிவந்தது. நான் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தேன். சோறாக்க இன்னும் நேரம் ஆகவில்லை, அரிசிகூடக் களையவில்லை. சும்மா பற்றவைத்தேன்.

"மாமா."

"சொல்லு."

"நான் ஓடைப்பட்டி போயிட்டா நீங்க என்ன செய்வீக?"

திரும்பினேன். இதற்கு நான் தயாராக இல்லை. ஆனால் தயாராக இல்லாமல் பேசுவதில்தான் எனக்கு முப்பது வருஷ சர்வீஸ்.

"நானா? நல்லாக் கேட்ட போ! எனக்கு எங்கலே நேரம்? ரிட்டயர் ஆனவுக சங்கத்துல என்னைத் தலைவரா நிக்கச் சொல்லித் தெனம் பத்துப் பேரு வந்து வாசல்ல உக்காந்துக்கிறாக. ஒன்னை வச்சுக்கிட்டு அவுகள உள்ள விட முடியல. குமுளியில ஒரு ஜீப்புக்காரன், ‘சேட்டா, எஸ்டேட்டுக்கு ஆள் ஏத்துற வேலையை நீங்கதான் பாக்கணும்'னு கால்ல விழுறான். தேனியில புதுசாச் சேந்த கண்டக்டர் பயலுகளுக்கு வகுப்பெடுக்கக் கூப்பிட்டாக, கார் அனுப்புறோம்னாக. ஏசிக் கார். நான்தான் சாயந்தரம் ஒரு பய வருவான், முடியாதுன்னுட்டேன். நீ போனாத்தான்டா எனக்குக் கொஞ்சம் மூச்சு விடவே முடியும்."

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். யானைக் கதையைக் கேட்ட அதே முகம். ஒன்றையும் கழிக்காத முகம். அவன் நம்புகிறான் என்பதைப் பார்த்ததும் எனக்கு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கரண்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப சரி மாமா" என்றான். அவன் முகம் தெளிந்துவிட்டது. "நான்கூட… சரி. தண்ணி பாஞ்சுக்கிட்டிருக்கு, மடை மாத்திட்டு வந்துர்றேன். பெனடிக்ட் அண்ணன்ட்டயும் சொல்லிட்டு வந்துர்றேன்."

"போ, போ. நல்ல சங்கதியை மெதுவாச் சொல்லாத, ஓடிச் சொல்லு."

பின்கதவு வழியாகக் குனிந்து போனான். தோட்டத்துக்குள் அவன் செருப்புச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது, பிறகு மோட்டார் சத்தத்தில் கலந்துவிட்டது.

"அப்புறம் அந்த ஏசிக் காரு இருக்கே," என்றேன் நான், அவன் சாய்ந்திருந்த சுவரைப் பார்த்து, "அது சாதாரணக் காரு இல்லலே. கதவைத் தெறந்தா உள்ள மூணாறு. ஸ்வெட்டர் போடாம ஏற முடியாது. முன் சீட்டுல எனக்குன்னு ஒரு ஆளு பிளாஸ்க்கோட உக்காந்திருப்பான். வீரபாண்டி தாண்டுனதும் ஒரு டீ, போடி வெலக்குல ஒரு டீ…"

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தேனி வர இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. நான் சொல்லிக்கொண்டே போனேன்.